போடிமெட்டு இறக்கத்துக்கு எந்த பிரேக் பேடு?

போடியிலிருந்து பூப்பாறை ஏலத்தோட்டத்துக்கு 150 சிசி வண்டியில் போய் வருகிறேன். ஏறும்போது எஞ்சின் பாடு. இறங்கும்போது 17 கொண்டை ஊசி வளைவும் பிரேக்கின் பாடு.

ரெண்டு வருஷம் ஆர்கானிக் பேடு போட்டிருந்தேன். நாரையும் தூளையும் பிசின் வைத்து இறுக்கியது. ஊருக்குள் ஓட்ட அருமையான பேடு: மெல்லப் பிடிக்கும், சத்தம் வராது, டிஸ்க் தேயாது, விலையும் குறைவு. சூடுதான் அதற்கு ஒத்துக்கொள்ளாது. போன வருஷம் பின்னால் மச்சானை வைத்துக்கொண்டு இறங்கினேன். பாதி மலையில் கருகல் வாடை. லிவர் கல் மாதிரி இறுக்கமாக இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, மலைப்பக்கம் ஒதுக்கித்தான் நிறுத்தினேன். கழற்றிப் பார்த்தால் பேடின் முகம் கண்ணாடியாகப் பளபளத்தது. (லிவர் பஞ்சு போல உள்ளே போனால் அது வேறு கோளாறு. பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம்.)

இப்போது முன்னால் சிண்டர்டு. செம்பு முதலான உலோகத் தூளை அழுத்திச் சூடேற்றிக் கட்டியாக்கியது. கடைசி வளைவிலும் முதல் வளைவில் பிடித்த மாதிரியே பிடிக்கிறது. ஜூன் மழையில் டிஸ்க் நனைந்திருக்கும்போது வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். குறையும் உண்டு: விலை கூடுதல், டிஸ்க்கைத் தின்னும், சூட்டைக் காலிப்பருக்கு (பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் பாகம்) கடத்தும். அதனால் பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் இழுத்த பிறகு 155 இருந்தாலே தரத்தில் தேறிவிடும்.

செமி மெட்டாலிக் ரெண்டுக்கும் நடுவாந்தரம். சமவெளியில் கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறவர்களுக்குச் சரி.

பின் சக்கரத்துக்கு நான் இன்னும் ஆர்கானிக்தான் வைத்திருக்கிறேன். இறக்கத்தில் பாரமெல்லாம் முன்னால் சாய்ந்துவிடும். பின்னால் அதிகம் பிடிக்கிற பேடு இருந்தால் ஈரத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஆனால் ஒரே காலிப்பரில் ரெண்டு ரகத்தைக் கலக்கவே கூடாது.

வாங்கும் முன் உங்கள் டிஸ்க் சிண்டர்டைத் தாங்குமா என்று வண்டியின் கையேட்டில் பாருங்கள். டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் முதலில் டிஸ்க்கை மாற்றுங்கள். அப்புறம், புதுப் பேடு போட்ட அன்றே மலை இறங்க வேண்டாம். தேனி ரோட்டில் 200, 300 கிலோமீட்டர் மிதமாகப் பிடித்துப் பிடித்து ஓட்டி, பேடு டிஸ்க்கோடு படிந்த பிறகு மெட்டுக்குப் போங்கள்.