குன்னூரில் ஓர் ஆங்கில வகுப்பு: ‘பிக்கப் ஹிம்’ திருந்திய விதம்

குன்னூரில் சிறிய ஹோம்ஸ்டே ஒன்றை நடத்திவரும் எனக்கு ஆங்கிலம் புதிதன்று. பத்து ஆண்டுகளாக விருந்தினர்களுடன் அதில்தான் பேசிவருகிறேன். நான் பேசுவது அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் அது சரியான ஆங்கிலமா என்ற ஐயம் நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே, இரண்டாம் சீசன் முடிந்து அறைகள் காலியான அக்டோபர் கடைசியில், கடைவீதிக்கு மேலே ஒரு வீட்டு மாடியில் நடைபெறும் எட்டு வார மாலை வகுப்பில் சேர்ந்தேன். டாக்ஸி ஓட்டுநர்கள், தேயிலைத் தொழிற்சாலையின் எழுத்தர் ஒருவர், செவிலியர் படிப்பை முடித்த இரு பெண்கள் என மொத்தம் பதினொரு பேர் இருந்தோம்.

இரண்டாம் வாரத்திலேயே கட்டணத்திற்கு ஈடு கிடைத்துவிட்டது என்பேன். சிம்ஸ் பூங்காவுக்கும் டால்பின் நோஸுக்கும் பயணிகளை அழைத்துச் செல்லும் ஓட்டுநர் ஒருவர், வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் பேசிக்காட்டும் பயிற்சியில், “ஐ வில் பிக்கப் யூ அட் டென்” என்றார். எங்களில் எவருக்கும் அதில் பிழை தென்படவில்லை. ஆசிரியை, “அண்ணா, இதையே தமிழில் எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டார். “பத்து மணிக்குப் பிக்கப் பண்றேன் மேடம்” என்று பதில் வந்தது. “அந்தப் ‘பண்றேன்’தான் ரெண்டு சொல்லையும் ஒட்டிவச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு, ஆசிரியை தம் இரு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிடித்து, ஒரு கை ‘பிக்’ என்றும் மறு கை ‘அப்’ என்றும் கூறி, அவற்றைச் சற்றே விலக்கி, இடையில் கரும்பலகைத் துடைப்பானைச் செருகினார். ‘பிக் யூ அப்.’ சாக்பீஸ் தூள் அவர் மடியில் கொட்டியது, ஒருவரும் சிரிக்கவில்லை.

நம் பிழையின் வேரை அவர் சரியாகவே தொட்டார். ஸ்விட்ச் ஆஃப், பிக்கப், ஃபில்லப் போன்ற இரட்டைச் சொற்களை நாம் ஒரே கட்டியாக இரவல் வாங்கி, ‘பண்ணு’வை வால்போல் ஒட்டிப் பேசிப் பழகியவர்கள். தமிழ்க் காதுக்கு அந்தக் கட்டி பிளவுபடாது. ‘அணைத்துவிடு’ என்பதன் நடுவே ‘அதை’ நுழைய இடம் ஏது? ஆங்கிலத்திலோ, ‘ஸ்விட்ச் ஆஃப் தி ஹீட்டர்’, ‘ஸ்விட்ச் தி ஹீட்டர் ஆஃப்’ ஆகிய இரண்டுமே செல்லும். ஆனால் ஹீட்டரின் இடத்தில் ‘இட்’ வந்துவிட்டால், ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ என்ற ஒரே வழிதான் உண்டு. இதற்கு அவர் தந்த காரணமும் எனக்குப் பிடித்திருந்தது: ஆங்கிலத்தில் புதிய செய்தியும் அழுத்தமும் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வந்து அமரும், ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ ஆகியவை முன்பே பேசப்பட்டதைச் சுட்டும் எடையற்ற சொற்கள், ஆகவே அவை நடுவே ஒதுங்கிக்கொள்ள, ‘ஆஃப்’ கடைசியில் அழுத்தத்தோடு ஒலிக்கிறது.

குளிர் ஊரில் இதற்குப் பயிற்சிப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. ஒருவர் ஸ்வெட்டரைக் காட்ட, அடுத்தவர் ‘புட் இட் ஆன்’ என்றோ ‘டேக் இட் ஆஃப்’ என்றோ சொல்ல வேண்டும். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வருவோரின் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகிவிட்டதால், அதை நிரப்பச் சொல்வதும் எங்கள் அன்றாட வேலையாகிவிட்டது. ‘ஃபில் இட் இன்’ எனக்கு அந்த வாரமே நாவில் படிந்துவிட்டது. இன்னொரு குறையையும் அவர் சுட்டினார். தமிழில் ‘ஹீட்டர் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்’ என்றால் எதைப் போடுவது என்று மீண்டும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் நான் விருந்தினர்களிடம் ‘ஹீட்டர் இஸ் தேர், ஸ்விட்ச் ஆன்’ என்று ‘இட்’டை விழுங்கியே பேசிவந்திருக்கிறேன். பத்து ஆண்டுகளில் ஒருவரும் திருத்தவில்லை. மரியாதை கருதியிருப்பார்கள்.

வகுப்பு சறுக்கியது பிரிக்கக்கூடாத இணைகளில். ‘லுக் ஆஃப்டர் ஹெர்’, ‘வெயிட் ஃபார் தெம்’, ‘லுக் அட் இட்’ ஆகியவற்றில் பிரதிப்பெயர் (‘ஹெர்’, ‘தெம்’, ‘இட்’) கடைசியில்தான் வர வேண்டும். எவற்றைப் பிரிக்கலாம், எவற்றைப் பிரிக்கக்கூடாது என்று செவிலியர் பெண்களில் ஒருவர் கேட்டபோது, பட்டியலை மனப்பாடம் செய்துகொள்ளுமாறு விடை வந்தது. முதல் பாதியை அவ்வளவு தெளிவாக நடத்தியவரிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை. ‘அட்’, ‘ஃபார்’, ‘வித்’, ‘ஃப்ரம்’, ‘இன்டு’ ஆகியவை எப்போதும் தமக்குப் பின்னே ஒரு பெயரை எதிர்பார்க்கும் முன்னிடைச் சொற்கள். அவற்றோடு சேர்ந்த வினையைப் பிரிக்க முடியாது என்று சொல்லியிருந்தாலே பாதிச் சுமை இறங்கியிருக்கும். சிக்கல் தருபவை ‘அப்’, ‘ஆன்’, ‘ஆஃப்’ போன்ற இரட்டை வேடக்காரர்கள்தாம். ‘ஹி ரான் அப் தி ஹில்’ என்றால் அவர் மலைமேல் ஓடினார். ‘ஹி ரான் அப் தி பில்’ என்றால் அவர் கணக்கைப் பெருகவிட்டார். ஓரெழுத்துதான் மாறுகிறது. ஆனால் மலைக்குப் பதில் ‘இட்’ வந்தால் ‘ரான் அப் இட்’, பில்லுக்குப் பதில் வந்தால் ‘ரான் இட் அப்’. முதலாவதில் ‘அப்’ மலையோடு சேர்ந்தது. இரண்டாவதில் வினையோடு சேர்ந்தது. நம் ஊர் ரயிலும் அப்படித்தான்: ‘கெட் ஆன் இட்’ என்று ஏற வேண்டுமேயன்றி ‘கெட் இட் ஆன்’ என்று ஏற முடியாது. மேடும் மலைரயிலும் உள்ள ஊரில் இந்த எடுத்துக்காட்டுகள் விடுபட்டது எனக்கு வியப்பாகவே இருந்தது.

மூன்று சொற்கள் சேர்ந்த ‘புட் அப் வித் ஹிம்’, ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ வகைக்கு ஒரே ஒரு மாலை ஒதுக்கப்பட்டது; அது போதவில்லை. ‘எனக்கு’, ‘என்னை’ இரண்டுக்கும் ‘மீ’ ஒன்றே என்பதால் நாம் இடையில் ‘டு’ சேர்த்து ‘கால் டு மீ’ என்று சொல்லிவிடும் பழக்கத்தையும் போகிறபோக்கில்தான் தொட்டார்கள். அச்சடித்துத் தந்த தாள்களோ நகலின் நகல். சில பக்கங்களில் கோடிட்ட இடம் எது, மங்கிய எழுத்து எது என்றே பிரித்தறிய முடியவில்லை.

மாதம் 1,200 ரூபாய்க்கு, வாரம் மூன்று மாலை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்பது நியாயமே. ஆங்கிலத்தை ஓரளவு பேசத் தெரிந்தும் வாக்கியத்தில் சொல் எங்கே அமர வேண்டும் என்று தடுமாறுபவர்கள் தயங்காமல் சேரலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு வேகம் அதிகம். வகுப்பு இரவு எட்டு மணிக்கு முடிவதால், கோத்தகிரிப் பக்கத்துக் கிராமங்களுக்குச் செல்வோர் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு சேர்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மாடிப்படி வழுக்கும். கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே உள்ளது.