ஏற்காடு காபி குடோனில் மூன்று வருடமாகப் புளூடூத் சென்சார்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னக் காபித் தோட்டம் இருக்கிறது. பழத்தைப் பல்பரில் தோலெடுத்து, களத்தில் காயவைத்த பார்ச்மென்டை, அதாவது உள்ளோடு நீக்காத காபிக்கொட்டையை, நல்ல விலை வரும்வரை குடோனில் அடுக்கி வைப்போம். ஈரப்பதம் 10, 11 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்தாலும் மலைப்பனி சும்மா விடாது. நாலு வருடம் முன்பு சுவரோரம் இருந்த ஆறு மூட்டைகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்த வலியில் வாங்கியவைதான் இந்த மூன்று சென்சார்கள். வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் அளந்து புளூடூத் வழியாகப் போனுக்குச் சொல்லும்.

எங்கள் குடோனில் செல்போன் சிக்னலும் கிடையாது, வைஃபையும் கிடையாது. இதற்கு இரண்டுமே தேவையில்லை. கண்ணிமைக்கும் நேரம் விழித்துத் தன் அளவைக் காற்றில் அறிவிக்கும், உடனே தூங்கிவிடும். 2010-இல் வந்த புளூடூத் 4.0 கொண்டுவந்த குறைமின் முறை இது. எனக்கு ஒரு பட்டன் செல் ஒரு வருடத்துக்கு மேல் ஓடுகிறது. அளவுகள் சென்சாருக்குள்ளேயே பதிவாகும். வாரம் ஒருமுறை போனோடு பக்கத்தில் போய் நின்றால் மொத்தமும் இறங்கிவிடும்.

எட்டும் தூரம்தான் முதலில் ஏமாற்றியது. பெட்டியில் 50 மீட்டர் என்று போட்டிருந்தது. வெட்டவெளியில் சரி. கருங்கல் சுவரைத் தாண்டிப் பத்தடி போனாலே இணைப்பு போய்விடும். பாதி காய்ந்த குவியலுக்குள் புதைத்து வைத்தபோது இன்னும் மோசம். இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். நடுவில் ஆள் நின்றால்கூடக் குறையும். நன்றாகக் காய்ந்த மூட்டைகளுக்கு நடுவே அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, என் பழைய ஆண்ட்ராய்டு போனில் லொகேஷனை ஆன் செய்யாவிட்டால் சென்சாரே கண்ணில் படாது. சென்சார் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் அலைந்தேன். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து இதற்குத் தனி அனுமதி வந்துவிட்டது.

வாங்கியதும் உப்புச் சோதனை செய்துவிடுங்கள். சமையல் உப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்தில் குழைத்து ஒரு மூடியில் வையுங்கள். அதையும் சென்சாரையும் காற்றுப்புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வைத்தால் உள்ளே ஈரம் 75 சதவீதத்தில் நிற்கும். என்னுடையவற்றில் இரண்டு 74, 76 காட்டின, மூன்றாவது 81. அந்த ஆறைச் செயலியில் கழித்துவிட்டேன். வருடம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்கிறேன்.

சரி, பலன் என்ன? காலை ஏழு மணிக்கே காற்றாடக் கதவைத் திறந்து வைப்பது எங்கள் வழக்கம். பதிவைப் பார்த்தால் தினமும் அந்த நேரத்தில்தான் குடோனுக்குள் ஈரம் ஏறியிருக்கிறது. குடோனைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் போனைக் காட்டினேன். "பனி உள்ள வந்து உக்காந்துக்கும்னு எங்கப்பா அப்பவே சொல்லுவாரு தம்பி" என்றார். இப்போது வெயில் ஏறிப் பத்து மணிக்குப் பிறகுதான் கதவு திறக்கிறோம். மூட்டைகளையும் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பலகை மேல் ஏற்றிவிட்டோம். அதன்பிறகு ஒரு மூட்டைகூடப் பூஞ்சைக்குப் போகவில்லை.

வாங்குவதாக இருந்தால் உள்ளேயே பதிவு வைத்துக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அந்த நேரத்து அளவை மட்டும் காட்டுவதை வாங்கியிருந்தால் ஏழு மணிக் கதவு எனக்குத் தெரிந்தே இருக்காது.