1972 எம்ஜிபி ரோட்ஸ்டர்: பெட்ரோல் மீட்டரோடு பட்ட பாடு

எம்ஜிபி வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். இங்கே இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தவர்கள் பலர் முதலில் விசாரிப்பது இந்த வண்டியைத்தான், அதனால் இன்ஜின், கியர்பாக்ஸ், துரு பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பெட்ரோல் மீட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டேங்கை நிரப்பினால் என் வண்டியில் முள் ஒழுங்காக F-க்குப் போய் நிற்கும். யாருக்கும் சந்தேகம் வராது. பெட்ரோல் குறையக் குறையத்தான் பொய் ஆரம்பிக்கும்: கால் டேங்க் இருக்கிறது என்று முள் காட்டிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்தில் எஸ்யூ பெட்ரோல் பம்ப் படபடவென்று வேகமாகத் தட்ட ஆரம்பிக்கும், பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம், கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிடும்.

பட்டறையில் கொடுத்தேன். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று மீட்டருக்குச் சொல்லும் மிதவை உள்ள டேங்க் யூனிட் போய்விட்டது என்று புதிது போட்டார்கள். அதன் பிறகு டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் முள் பாதியைத் தாண்டவில்லை, கேட்டால் இப்போது வருகிற யூனிட் எல்லாம் அப்படித்தான் என்று பதில். நியாயமாகச் சொன்னால் முதல் சந்தேகம் அந்த யூனிட் மேல் போவது தப்பில்லை, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் தேயக்கூடியதுதான். ஆனால் ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்க்காமலேயே பாகத்தை மாற்றிப் பணம் வாங்கியதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

அப்புறம் நானே உட்கார்ந்தேன். டேங்கில் பச்சை-கறுப்பு வயரைக் கழற்றி இக்னிஷன் போட்டால் முள் E-யில் கிடக்க வேண்டும், அதே வயரை பாடியில் தொட்டால் மெதுவாக F பக்கம் ஏற வேண்டும் (ஏறியதும் எடுத்துவிடுங்கள், ரொம்ப நேரம் வைக்கக் கூடாது). ஏறியது. அதாவது மீட்டரும் வயரும் நன்றாகவே இருக்கின்றன. சரி என்று பழைய யூனிட்டையே திரும்பப் போட்டேன். அது டேங்கின் பக்கவாட்டில் இருப்பதால் பெட்ரோலை இறக்கிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும், பூட்டு வளையத்தைப் பித்தளைக் கம்பியால்தான் தட்ட வேண்டும், இரும்பு என்றால் தீப்பொறி பறக்கலாம். போடும்போது டேங்க் எர்த் இணைப்பில் (டேங்கை வண்டியின் பாடியோடு சேர்க்கும் மின் இணைப்பு) இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். இப்போது முள் F-ஐயும் தாண்டிப் போய் முட்டியது!

காரணம் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தது. அங்கே வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்ன டப்பா உண்டு. அதற்குள் இருக்கும் ஈருலோகத் தகடு சூடாகித் தொடர்பை விட்டு விட்டுக் கொடுக்கும், அப்படித்தான் மீட்டருக்குச் சராசரியாக 10 வோல்ட் போகிறது. டப்பாவின் எர்த் போனால் தகடு சூடாகாது, பேட்டரியின் முழு வோல்டேஜும் நேராக மீட்டருக்குப் போகும், முள் எப்போதும் கூடுதலாகக் காட்டும். டேங்க் எர்த்தில் துரு இருந்தாலோ குறைவாகக் காட்டும். என் வண்டியில் இரண்டும் இருந்தன. டேங்க் நிறைந்திருக்கும்போது யூனிட்டின் மின்தடை ரொம்பக் குறைவு, அதனால் துருவின் தடை பெரிதாகத் தெரிந்து ஒரு கோளாறை இன்னொன்று சரிக்கட்டியது. காலியாகும்போது யூனிட்டின் தடையே இருநூறு ஓமுக்கு மேல் போய்விடும், அதன் முன் துரு எம்மாத்திரம், அதிக வோல்டேஜ் மட்டும்தான் மிஞ்சும். ஸ்டெபிலைசரின் திருகைக் கழற்றி அடியில் சுரண்டி இறுக்கினேன். முள் F-க்கு இறங்கி வந்தது.

இப்போது அந்த மீட்டர் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வளைவில் பெட்ரோல் எவ்வளவு அலைந்தாலும் முள் ஆடுவதில்லை, சாவி போட்டதும் நிதானமாக ஏறி நிற்கும் அழகே தனி. ஆனாலும் வாங்கலாமா என்றால், தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐம்பது வருட எர்த் இணைப்புகளில் அடுத்தது எது என்று யோசித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்ப முடியாது. என் பேச்சைக் கேட்காமல் வாங்குவதென்றால் முள் கால் டேங்கில் நிற்கும்போது விற்பவரோடு பங்க்குக்குப் போய் நிரப்பிப் பாருங்கள். டேங்க் சுமார் 54 லிட்டர், ஏறத்தாழ 40 பிடித்தால் நல்லது. ஐம்பதைத் தாண்டினால் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் அந்த இரண்டு எர்த்தையும் தேய்த்துவிடுங்கள்.