டீகாஸ் 2: வானில் மோதலைத் தடுக்கும் பெட்டிக்கு ஒரு மதிப்புரை

விமானிகளும் பராமரிப்புப் பிரிவினரும் டீகாஸ் என்று அழைக்கும் மோதல் தவிர்ப்புக் கருவியைப் பயணிகள் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஆனாலும் பெரிய விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரும் அதன் பயனாளரே. விமான மின்னணுப் பராமரிப்பில் பல ஆண்டுகளாக இந்தப் பெட்டியைக் கழற்றியும் சோதித்தும் மீண்டும் பொருத்தியும் வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒரு கருவியை அது நன்றாக உழைத்த நாட்களை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமாகாது. ஆகவே, அது சரியாகச் சொல்லியும் 677 பேரின் உயிர் மயிரிழையில் தொங்கிய ஒரு பிற்பகலை உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன். அது 2001 ஜனவரி 31. இடம், ஜப்பானின் யாய்சு நகரை ஒட்டிய வான்பரப்பு.

முதலில் கருவி செய்யும் வேலை. விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் உள்ள ஆன்டெனாக்கள் வழியாக, ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை, 1030 மெகாஹெர்ட்ஸில் அது சுற்றியுள்ள விமானங்களை வினவுகிறது. அவற்றின் டிரான்ஸ்பாண்டர்கள், அதாவது வினவலுக்குத் தாமாகவே பதில் தரும் வானொலிக் கருவிகள், 1090 மெகாஹெர்ட்ஸில் விடையளிக்கின்றன. விடை வந்து சேரும் நேரத்திலிருந்து தொலைவும், விடைக்குள் இருக்கும் எண்ணிலிருந்து உயரமும் தெரிந்துவிடும். ஆனால் இதன் உயிர்நாடி வேறொன்று. ஆபத்தை இது கிலோமீட்டரில் அளப்பதில்லை, நொடியில் அளக்கிறது. இடையிலுள்ள தொலைவை நெருங்கிவரும் வேகத்தால் வகுத்தால், இரண்டும் மிக அருகில் வர எத்தனை நொடி மிச்சம் என்பது கிடைக்கும். 1950களில் மாரல் என்ற அறிவியலாளர் முன்வைத்த இந்த எண்ணமே இன்றுவரை அடித்தளமாக நிற்கிறது. பறக்கும் உயரத்தைப் பொறுத்து 20 முதல் 48 நொடி முன்பு "டிராஃபிக், டிராஃபிக்" என்ற எச்சரிக்கை வரும். 15 முதல் 35 நொடி முன்பு "கிளைம்ப்" (ஏறு) அல்லது "டிசென்ட்" (இறங்கு) என்ற கட்டளை வரும். இடம் வலமாகத் திரும்பச் சொல்லாது. திசையைக் கணிப்பதில் அதன் ஆன்டெனாவுக்கு அவ்வளவு துல்லியம் இல்லை. இரண்டு விமானங்களிலும் இந்தக் கருவி இருந்தால் அவை தமக்குள் பேசிக்கொண்டு, ஒன்றுக்கு ஏற்றத்தையும் மற்றதற்கு இறக்கத்தையும் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டும் ஒரே பக்கத்தைத் தேர்ந்துவிட்டால், ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக உள்ள டிரான்ஸ்பாண்டர் முகவரி எண் எதற்குப் பெரியதோ அந்த விமானம் தன் முடிவை மாற்றிக்கொள்ளும். கட்டுப்பாட்டு மையத்தின் உதவி எதுவும் தேவைப்படாத இந்த உடன்பாடுதான் இக்கருவியில் நான் மிகவும் மதிக்கும் அம்சம்.

இனி அந்தப் பிற்பகல். டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து ஓகினாவாவின் நாஹாவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 907, 427 பேருடன் 39,000 அடியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த போயிங் 747. தென்கொரியாவின் பூசானிலிருந்து நரிட்டாவுக்கு 250 பேருடன் வந்துகொண்டிருந்த அதே நிறுவனத்தின் 958, 37,000 அடியில் பறந்த டிசி-10. இரண்டும் நெருங்குவதை டோக்கியோ கட்டுப்பாட்டு மையத்தின் திரை எச்சரித்தபோது, பயிற்சியிலிருந்த கட்டுப்பாட்டாளர் 958-ஐ இறக்க நினைத்து, வாய் தவறி 907-க்கு இறங்கும்படி ஆணையிட்டார். 907 அந்த ஆணையைத் திருப்பிச் சொல்லி இறங்கத் தொடங்கியது; எண் மாறியதை மையத்தில் யாரும் கவனிக்கவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானி அறைகளிலும் டீகாஸ் பேசியது. 907-க்கு ஏறச் சொன்னது, 958-க்கு இறங்கச் சொன்னது. இரண்டுமே சரியான கட்டளைகள். 958 கருவிக்குக் கீழ்ப்படிந்தது. 907-இன் விமானி, எதிர் விமானம் கண்ணுக்குத் தெரிகிறது, எஞ்சின் விசையையும் குறைத்தாயிற்று, அந்த உயரத்தில் திடீரென ஏறினால் வேகம் இழக்க நேரும் என்றெல்லாம் கருதி இறக்கத்தைத் தொடர்ந்தார். பதற்றத்தில் குறுக்கிட்ட மேற்பார்வையாளர் 957 என்ற விமானத்தை இறங்கச் சொன்னார். அப்படியொரு விமானமே அந்த வானில் இல்லை.

இரண்டு விமானங்களும் சேர்ந்தே இறங்கின. ஜப்பானின் விபத்து விசாரணை ஆணையம் பின்னர் மதிப்பிட்டபடி, அவற்றின் நெருங்கிய இடைவெளி சுமார் 135 மீட்டர். 747-இன் நீளமே ஏறத்தாழ 70 மீட்டர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கடைசி நொடியில் 907-இன் மூக்கை விமானி மேலும் கீழே அமிழ்த்தியதால்தான் மோதல் தவிர்ந்தது. அந்த அமிழ்வில் வாருடன் கட்டப்படாத மனிதர்களும் பொருட்களும் கூரையை நோக்கி எறியப்பட்டனர். 100 பேர் காயமடைந்தனர், அவர்களில் 9 பேருக்குப் பலத்த காயம். 958-இல் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

இந்த நிகழ்வை வைத்துக் கருவிக்கு என்ன மதிப்பெண் கொடுப்பது? கண்டறிவதிலும் சரியான பக்கத்தைத் தேர்வதிலும் அது முழுமையாகத் தேர்ந்தது. தோற்றது இரண்டு இடங்களில். முதலாவது, கருவியோடு வந்த விதி. மனிதக் குரல் ஒன்று சொல்ல, பெட்டிக் குரல் வேறொன்று சொன்னால் எதைக் கேட்பது என்பதை அன்றைய பன்னாட்டு விதிநூல்கள் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லவில்லை. விமானி என்னென்ன காரணங்களுக்காக இறக்கத்தைத் தொடர்ந்தார் என்று படிக்கும்போதெல்லாம், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒவ்வொரு காரணமும் தனித்தனியே நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் ஏற்றத்தை நம்பித்தான் எதிர் விமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு எங்கும் அழுத்தமாகக் கற்பிக்கப்படவில்லை. ஒருவர் கேட்டு மற்றவர் கேட்காவிட்டால், இந்தக் கருவி இல்லாமலிருப்பதைவிட மோசமான நிலைமைகூட உண்டாகலாம். டோக்கியோவில் இருந்தவர்களின் திரையிலோ, பெட்டி என்ன சொல்லியது என்பதைக் காட்டும் வழியே இல்லை.

இரண்டாவது, பெட்டிக்குள் இருந்த கணக்கு. இரு விமானங்களும் ஏறத்தாழ ஒரே உயரத்தில், 100 அடிக்குள் ஒட்டிக்கொண்டு, ஒன்றாக இறங்கும்போது கட்டளையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதை அன்றைய மென்பொருள் உரிய நேரத்தில் உணரவில்லை. 907-க்கு ஏற்றத்தை அதிகரிக்கச் சொல்லியும், 958-க்கு இறக்கத்தை அதிகரிக்கச் சொல்லியும், நடவாத ஒன்றையே அது வற்புறுத்திக்கொண்டிருந்தது. வாங்கிய பொருளில் இது மறுக்க முடியாத குறை.

குறை தெரிந்தபின் திருத்தம் வந்த வேகம்தான் என்னை இன்றும் வருத்துகிறது. யாய்சுவுக்குப் பதினேழு மாதங்கள் கழித்து, 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு டுபோலெவ் விமானம் கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கியது. எதிரே வந்த சரக்கு விமானம் டீகாஸ் சொன்னபடி இறங்கியது. அங்கே 135 மீட்டர் மிச்சமிருக்கவில்லை. 71 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். டுபோலெவின் கையேடு, மோதலைத் தவிர்ப்பதில் கட்டுப்பாட்டாளரையே முதன்மையாகக் குறிப்பிட்டிருந்தது. யாய்சு பற்றிய ஜப்பானிய அறிக்கை வெளியானதும் அதே ஜூலை மாதம்தான். டீகாஸின் கட்டளை கட்டுப்பாட்டாளரின் ஆணைக்கு முரண்பட்டாலும் டீகாஸின் கட்டளையையே பின்பற்ற வேண்டும் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி தெளிவாகத் திருத்தப்பட்டது 2003 நவம்பரில்.

இக்கருவியின் மென்பொருளில் இப்போதுள்ள 7.1 பதிப்பை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். இரு விமானங்களும் சேர்ந்து இறங்குவதையோ, தன் விமானமே கட்டளைக்கு எதிராகப் போவதையோ அது கவனித்துக் கட்டளையைத் தலைகீழாக்கும். முன்பு பலரைக் குழப்பிய "அட்ஜஸ்ட் வெர்ட்டிகல் ஸ்பீட்" (ஏறும் இறங்கும் வேகத்தைச் சரிசெய்) என்ற குரலுக்குப் பதிலாக "லெவல் ஆஃப்" (ஏறாமல் இறங்காமல் பற) என்று ஐயமின்றிச் சொல்கிறது. பழைய குரலைக் கேட்டு விமானிகள் எதிர்த்திசையில் போன சம்பவங்கள் பதிவாகியுள்ளன. ஐரோப்பா இந்தப் பதிப்பைப் பழைய விமானங்களுக்கும் 2015 டிசம்பரில் கட்டாயமாக்கியது. சில ஏர்பஸ் விமானங்களில் கட்டளையைத் தானியங்கியே நிறைவேற்றும் வசதியும் வந்துவிட்டது. யாய்சுவின் நொடிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

ஆனாலும் வாங்குபவர் அறிய வேண்டிய எல்லைகள் உண்டு. விடையளிக்காத விமானம் இதன் கண்ணுக்கு இல்லவே இல்லை. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசில் வானில் ஒரு சிறிய ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் இயங்காமல் இருந்தது. அதனோடு மோதிய கோல் நிறுவனத்தின் 737-இல் இருந்த 154 பேரும் இறந்தனர், அந்த விமானத்தின் டீகாஸ் கடைசிவரை மௌனமாக இருந்தது. தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே கட்டளைகள் நிறுத்திவைக்கப்படுவதால், ஓடுபாதையை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் இதை நம்பியிருக்க முடியாது. இந்தியாவில் இது கட்டாயமாக்கப்பட்டதே 1996 நவம்பர் 12 அன்று சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் வானில் மோதி 349 பேரைப் பறிகொடுத்த பிறகுதான்.

பராமரிப்பாளர் என்ற நிலையிலிருந்து ஒரு குறிப்பு. காக்பிட்டில் சோதனைப் பொத்தானை அழுத்தினால் திரையில் வெற்று வைரம், நிறைந்த வைரம், மஞ்சள் வட்டம், சிவப்புச் சதுரம் ஆகிய நான்கும் தோன்றி, சோதனை தேறியதாகக் குரல் வரும். பெட்டியின் கணினி நலமாக இருப்பதைத்தான் அது காட்டுகிறது. கட்டளையின் அடையாளமான சிவப்புச் சதுரம் உண்மையாகவே எரியும் நாளில் ஐந்து நொடிக்குள் கட்டளைக்கு இணங்கும் கையை சிமுலேட்டரில்தான் சோதிக்க முடியும். அந்தப் பயிற்சி நேரத்தைக் குறைக்கும் நிறுவனம், எவ்வளவு புதிய பதிப்பை வாங்கியிருந்தாலும், இந்தக் கருவியின் பாதியைத்தான் வாங்கியிருக்கிறது.