கிழக்கா, மேற்கா, தெற்கா? பாளையங்கோட்டைச் சாரணர் படைக்கு ஒரு நாள் சைக்கிள் பயணம்

பாளையங்கோட்டையிலிருந்து சாரணர் படையைச் சைக்கிளில் ஒரு நாள் அழைத்துப் போக வேண்டும் என்றால் பேச்சு மூன்று திசைகளைச் சுற்றித்தான் வரும். கிழக்கே திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூர். மேற்கே தாமிரபரணி ஆற்றோடு ஏறினால் சேரன்மகாதேவி, ஆசை மிஞ்சினால் பாபநாசம். தெற்கே மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம். எது அழகு என்று கேட்டால் மூன்றும் அழகுதான். வழியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: படையிலேயே கால் வலு குறைந்த பையன், வெயில் ஏறியபின் வீடு திரும்பும் பாதி வழியில் எப்படி மிதிப்பான்?

தூரத்தைவிடக் காற்றுதான் அதைத் தீர்மானிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றின் ஆட்சி. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து, சமவெளியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிழக்கே பாயும். கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் காடாக நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். விடியலில் சற்று அடங்கியிருக்கும்; வெயில் ஏற ஏற வேகமெடுக்கும். தை, மாசியில் கதை மாறிவிடும். காலையில் வடகிழக்கிலிருந்து மெல்ல வீசும், பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. இந்த வரிசையில் அமையும் வழியே பிள்ளைகளுக்கு நல்ல வழி. காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது காற்றோடு மல்லுக்கு நிற்கலாம். களைத்த பிறகு காற்று முதுகைத் தள்ள வேண்டும்.

இந்தக் கணக்கில் கிழக்கு வழியைப் பாருங்கள். பாளையங்கோட்டையிலிருந்து கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆதிச்சநல்லூர். ஒரு வழித் தூரம் 25 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கியர் இல்லாத சைக்கிளில், சிறுவர்கள் கூட்டமாகப் போகும்போது, மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடக் கூடாது. ஆக இரண்டு மணி நேர மிதி, நடுவில் ஓர் ஓய்வு. அந்த ஓய்வுக்குக் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலைப் போல வாய்ப்பான இடம் இல்லை. நாயக்கர் காலத் தூண் சிற்பங்களில் தோளின் நரம்பும் நகக்கண்ணும்கூடக் கல்லில் தெரியும். வரலாற்றுப் பாடத்தில் தூங்குகிற பையன்கூட அங்கே கேள்வி கேட்பான்.

ஆதிச்சநல்லூர் அதைவிட ஆழமானது. 1876-ல் ஜெர்மானியரான யாகோர் வந்து தோண்டிய பழங்கால இடுகாட்டுப் பறம்பு அது. அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. எதைப் பார்ப்பதற்கும் சென்னைக்குப் போ என்று சொல்லிக்கொண்டிருந்த நிலை 2023 ஆகஸ்ட்டில் மாறியது. தோண்டிய குழியிலேயே முதுமக்கள் தாழிகளை விட்டுவைத்து, மேலே கண்ணாடித் தளம் போட்டு, நின்ற இடத்திலேயே பார்க்கும்படி அங்கேயே அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். தன் ஊர் மண்ணுக்கடியில் இருப்பதைத் தன் காலால் மிதித்து வந்து பார்க்கும் பையனுக்கு அது பஸ்ஸில் வந்து இறங்கிப் பார்ப்பதைப் போல இருக்காது.

இந்த வழிக்கு இன்னொரு பலம், பக்கத்திலேயே ஓடும் திருச்செந்தூர் ரயில் பாதை. யாருக்காவது முடியாமல் போனால் ஒரு பெரியவரோடு செய்துங்கநல்லூரிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ ரயில் ஏற்றிவிடலாம். சைக்கிளை லோடு ஆட்டோவில் அனுப்பிவிடலாம். வண்டி வரும் நேரத்தை மட்டும் முந்தின நாளே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

குறை, போக்குவரத்து. திருச்செந்தூர் சாலையில் பஸ்கள் விரட்டிக்கொண்டு வரும். முகூர்த்த நாள், சஷ்டி, விடுமுறை ஞாயிறு ஆகியவற்றைத் தவிர்த்தே ஆக வேண்டும். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் பாதயாத்திரை பக்தர்கள் சாலையோரம் முழுக்க நடப்பார்கள். அவர்களைச் சாலைக்குள் தள்ளிவிட்டுச் சைக்கிள் ஓட்டுவது சாரணனுக்கு அழகில்லை. மேல்காற்றுக் காலத்தில் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். போகும்போது காற்று தள்ளும், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பறப்பார்கள். திரும்பும்போது அதே காற்று மார்பில் அறையும். பஸ் மறைப்பில் போகலாம் என்று பெரிய பையன்களுக்கு யோசனை வருவதும் அப்போதுதான்.

மேற்கு வழிக்கு மேல்காற்றே துணை. ஆறு கிழக்கே ஓடுகிறது என்றால் நிலம் மேற்கே மெல்ல உயர்கிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். காலையில் காற்று முழு வேகம் எடுக்கும் முன் ஏறிவிட்டால் திரும்பும்போது சரிவும் காற்றும் சேர்ந்து வீட்டில் கொண்டுவந்து விடும். ஜூன், ஜூலையில் அணை திறந்து கார் நெல் நடவு தொடங்கியிருந்தால் சாலையின் இரு பக்கமும் வயல், வாய்க்கால், தொலைவில் மலை. செங்கோட்டை ரயில் பாதையும் கூடவே வருகிறது. அழகில் இதற்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் என் பயமெல்லாம் இந்த வழியில்தான், அதுவும் சாலையில் அல்ல, ஆற்றில். வியர்த்த உடம்போடு வரும் பையனுக்குத் தாமிரபரணியைக் காட்டிவிட்டு இறங்காதே என்றால் யார் கேட்பார்கள்? அணையிலிருந்து தண்ணீர் வரும் பருவத்தில் மேலே அமைதியாகத் தெரியும் இடத்திலும் அடியில் இழுப்பு இருக்கும். பாறை வழுக்கும். விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் 1925-ல் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர் விட்டார். ஆங்கிலேய அரசிடமிருந்து கடல் கடந்து தப்பி வந்த மனிதரையே அந்த நீர் விடவில்லை. அதனால் பாபநாசத்தை ஒரு நாள் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறேன். ஒரு வழியே 50 கிலோமீட்டரை நெருங்கும், அதற்கு மேல் புலிகள் காப்பகத்தின் எல்லை வந்துவிடும். மூத்த சாரணர்கள் இரவு தங்கிச் செல்ல வேண்டிய இடம் அது.

சேரன்மகாதேவியோடு திரும்பினால் போக வர 40 கிலோமீட்டர் அளவுதான். சொல்வதற்கு அங்கே ஒரு கதையும் உண்டு. அதே ஐயர் அங்கே நடத்திய குருகுலத்தில் சில பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துத் தமிழ்நாடே கொதித்தது. பல வீட்டுப் பிள்ளைகள் கட்டிக்கொண்டு வந்த இட்லிப் பொட்டலங்களை அந்த ஊரில் ஒன்றாகப் பிரித்துவைத்து, யார் வீட்டுச் சட்னி யாருக்கு என்று பாராமல் சாப்பிட வைக்க வேண்டும். சாரணர் விதியை அதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு வழி தெரியாது.

தெற்கே கூந்தன்குளம் பறவைகளுக்காகவே போக வேண்டிய இடம். மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டு மரங்களில் கூடு கட்டுவதை ஊரே காவல் காக்கிறது; தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். 2022-ல் முக்கிய ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தை தொடங்கிப் பங்குனி வரை போவது நல்லது. சாலையில் நெரிசல் குறைவு. ஆனால் ஒரு வழியே 35 கிலோமீட்டர் அளவு, ரயில் கிடையாது, நிழல் அரிது. வடக்கு தெற்காகப் போகும் வழி என்பதால் மேல்காற்று போகும்போதும் வரும்போதும் பக்கவாட்டில்தான் அடிக்கும். பஸ் கடக்கும் நொடியில் காற்று மறைந்து மறுபடி மோதும்போது, மெலிந்த பையனின் சைக்கிள் ஒரு முழம் விலகிவிடும். இரண்டு மூன்று பயணம் பழகிய படைக்கே இது.

வழியைவிடச் சூடாக விவாதம் நடப்பது எல்லோரும் ஒரே வரிசையில் போவதா, அணி அணியாகப் போவதா என்பதில்தான். ஒரே வரிசை என்றால் கண்காணிப்பு எளிது என்பார்கள். 24 சைக்கிள்கள் பாதுகாப்பான இடைவெளியோடு போனால் வரிசை நூறு மீட்டரைத் தாண்டிவிடும். இரு வழிச் சாலையில் அதை ஒரே மூச்சில் எந்த பஸ்ஸாலும் முந்த முடியாது. எதிரே லாரி வந்தால் ஓட்டுநர் வரிசைக்குள்தான் ஒடிப்பார். எட்டு எட்டாகப் பிரித்து, அணிகளுக்கு நடுவே ஒரு பஸ் ஒதுங்கி நிற்கும் அளவுக்கு இடம் விடுவதே சரி. 1907-ல் பிரௌன்சீ தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே சிறுவர்களை அணிகளாகத்தான் பிரித்தார். சாலையிலும் அந்த முறையே உதவுகிறது. மெதுவான அணி முன்னால் போகட்டும். ஒவ்வோர் அணியின் வாலிலும் ஒரு பெரியவர் இருக்கட்டும். கடைசியாக வருபவரிடம் பம்பு, ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் சாமான், வால்வு டியூப். ஞாயிறு காலையில் பஞ்சர் கடை அண்ணாச்சி கடை திறந்திருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள்.

சைக்கிள்களைப் பற்றியும் ஒரு சொல். பலர் கொண்டுவருவது அக்காவுக்கோ அண்ணனுக்கோ பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள். கனமானது, ஆனால் எளிதில் கெடாது. சிக்கல் உயரத்தில்தான். இருக்கையில் உட்கார்ந்தபடி முன்பாதம் தரையைத் தொடவில்லை என்றால் அந்தச் சைக்கிளில் அவன் வரக் கூடாது. இருக்கையை இறக்கியும் எட்டாவிட்டால் வேறு சைக்கிள் தேட வேண்டும். பிரேக் கட்டையும் செயினும் முந்தின சனிக்கிழமையே பார்த்தாக வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் படைக்கு என் தேர்வு ஆதிச்சநல்லூர்தான், தை கடைசியிலோ மாசியிலோ, பூசக் கூட்டம் கலைந்த பிறகு. வெளிச்சம் வந்ததும் கிளம்பி, கிருஷ்ணாபுரத்தில் காலைச் சாப்பாடு, அருங்காட்சியகம் திறந்ததும் உள்ளே. அங்கிருந்து நேரே திரும்பினால் உச்சி வெயிலில் மாட்டுவீர்கள். கருங்குளம் பக்கம் நிழல் பார்த்து மதியத்தைக் கழித்துவிட்டு, மூன்றரைக்கு மேல் கடல்காற்று எழுந்தபின் கிளம்புங்கள். ஆனி மாதத்துக்குத்தான் விடுமுறை வாய்க்கிறது என்றால் சேரன்மகாதேவிக்குப் போகலாம். ஆற்றுக்குப் போகும் பாதையின் முனையில் நீச்சல் தெரிந்த இரண்டு பெரியவர்கள் சாப்பாட்டு நேரம் முழுக்க நிற்பார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.