எயார் ரைபிளுக்கு லேசர் பூட்டலாமா? நான்கு வருட அனுபவம்

யாழ்ப்பாணத்து ஏழாலையில் எங்கள் வளவின் பின்பக்கம் ஒரு கோழிக்கூடும் அதை ஒட்டிக் கிழங்கும் நெல் மூட்டையும் வைக்கும் கொட்டிலும் இருக்கின்றன. எலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பொறி வைத்தோம், பூனை வளர்த்தோம். கோழி மேயும் இடத்தில் நஞ்சு வைக்க மனம் வரவில்லை. கடைசியில் அனுமதிப் பத்திர வேலைகளை முடித்து 4.5 மில்லிமீற்றர் எயார் ரைபிள் ஒன்று வாங்கினேன். குழலை மடித்து ஸ்பிரிங்கை இறுக்கும் வகை. எலியைத் தவிர வேறெதையும் அதனால் சுடுவதில்லை.

முதலில் வாங்கிய துணைக்கருவி, குழலுக்குக் கீழே பூட்டும் சிவப்பு லேசர். புள்ளி விழுந்த இடத்தில் சன்னம் விழும் என்று நம்பினேன். லேசர் கதிர் நேர்கோட்டில் போகிறது. சன்னமோ குழலை விட்ட கணத்திலிருந்து கீழே விழத் தொடங்குகிறது. என் ரைபிளின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 240 மீற்றர். 20 மீற்றர் போவதற்குள் சன்னம் கிட்டத்தட்ட 4 சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடும். 30 மீற்றரில் 9 சென்ரிமீற்றர். லேசர் குழலுக்குக் கீழே இருப்பதால் சங்கடம் இரட்டிப்பாகிறது. 20 மீற்றரில் புள்ளியும் சன்னமும் ஒன்றாகும்படி சரிசெய்தால், 10 மீற்றரில் சன்னம் புள்ளிக்கு மேலே 3 சென்ரிமீற்றரில் படும், 30 மீற்றரில் கீழே 5 சென்ரிமீற்றருக்கு மேல் போய்விடும். எலியின் தலை எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். அதே 20 மீற்றருக்குச் சரிசெய்த ஸ்கோப்பில் (குழலுக்கு மேலே பூட்டும், குறிபார்க்கும் தொலைநோக்கி), 10 முதல் 30 மீற்றர் வரை பிழை ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குள் அடங்குகிறது. ஸ்கோப் மேலிருந்து சற்றுக் கீழ்நோக்கிப் பார்ப்பதால், அதன் பார்வைக் கோட்டோடு ஒப்பிட்டால் சன்னம் கீழிருந்து கோட்டை நோக்கி ஏறி, பிறகுதான் இறங்குகிறது. அவ்வளவுதான் விஷயம். இது புரிய எனக்கு ஒரு வருடமும் நிறையச் சன்னமும் செலவாயின.

பகலில் சிவப்பு லேசரை மறந்துவிடலாம். செம்மண் தரையில், வெயிலில், சிவப்புப் புள்ளியைத் தேடிக் கண்தான் நோகும். பச்சை நன்றாகத் தெரியும். மனிதக் கண் பச்சை ஒளிக்கே கூடுதலாக உணர்வுடையது. ஆனால் நான் வாங்கிய 532 நனோமீற்றர் (ஒளியின் அலைநீளம்) வகைக்குச் சூடு ஒத்துவரவில்லை. சித்திரை மாத மதியத்தில் அரை மணித்தியாலம் வெளியே கிடந்தால் மங்கிவிடும். ஸ்பிரிங் ரைபிளின் உதைப்பு அதைவிட மோசம். அது பின்னுக்கு ஒருமுறையும் உடனே முன்னுக்கு ஒருமுறையும் உதைக்கும். அந்த முன்னுதைப்பைத் தாங்கும்படி செய்யாத கருவி எதுவும் நிலைக்காது. இரண்டு லேசர்களின் பற்றரிப் பிடிகள் கழன்றன. ஒன்றில் உள்ளே கம்பியே விட்டுப்போனது.

பச்சை லேசரைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பொழுதுபட்ட நேரம் ரைபிளைத் தொடாமல், வெறும் லேசரை மட்டும் மேசையில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கிடுகு வேலியின் ஓட்டைக்குள்ளால் புள்ளி பக்கத்து வளவுச் சுவரில் போய் நின்றிருக்கிறது. பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "தம்பி, என்ன வெளிச்சம் அது? என் நெஞ்சு ஒருமுறை நின்றுபோய்விட்டது." போரைக் கண்ட இந்த ஊரில் அந்த வயதில் உள்ளவர்களுக்குச் சுவரில் அசையும் புள்ளி விளையாட்டுப் பொருள் அல்ல. அன்றே அதைக் கைவிட்டேன். வானத்துக்கும் திருப்பாதீர்கள். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி நமக்கு அயல்தான்; தாழப் பறக்கும் விமானத்தின் விமானிக்குக் கண் கூசினால் என்னவாகும்?

தூரம் அளக்கும் கருவியைக் கனடாவிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்தார். கோல்ப் விளையாட்டுக்கானது. அது காட்டுவது மீற்றர் அல்ல, யார் (கெஜம்) கணக்கு. 20 யார் என்றால் 18.3 மீற்றர். முதல் மாதம் முழுக்க இதை மறந்து நான் பட்ட பாடு தனிக்கதை. கண்ணுக்குத் தெரியாத கதிரை அனுப்பி, அது திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தூரம் சொல்லும். ஒரு மீற்றர் வரை பிழை விடும். வாழையிலை ஒன்று இடையில் ஆடினாலும் இலையின் தூரத்தையே சொல்லும். திறந்த வெளிக்கு நல்ல கருவி, நம் வளவுக்கு அல்ல. தவிர, எலி தலையை நீட்டும்போது ரைபிளை வைத்துவிட்டுக் கருவியை எடுப்பதற்கு யாருக்கு நேரம்?

கடைசியில் பழைய சிவப்பு லேசரே வேறு வேலைக்கு வந்தது. ஸ்கோப் குழலுக்கு மேலே 4 சென்ரிமீற்றர், லேசர் கீழே 4. இரண்டு கோடும் 20 மீற்றரில் சந்திக்கும்படி வைத்தேன். இப்போது பொழுதுபட்டபின் ஸ்கோப்புக்குள் பார்த்தால், சிவப்புப் புள்ளி குறுக்கிழைக்குக் (ஸ்கோப்பின் நடுவில் தெரியும் சிலுவைக் கோடு) கீழே நின்றால் இலக்கு கிட்ட, மேலே நின்றால் தூர. 10 மீற்றரில், குறுக்கிழையில் உள்ள அளவுப் புள்ளிகளில் (ஒரு புள்ளி இடைவெளி 10 மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர்) நான்கு கீழே நிற்கும். 15 இல் ஒன்றேகாலுக்குச் சற்று மேல். 30 இல் அதே அளவு மேலே. என் ஸ்கோப்பில் 9 மடங்குப் பெருக்கத்தில்தான் இந்தக் கணக்கு சரிவரும், 10 மீற்றரில் படமும் கொஞ்சம் மங்கலாக இருக்கும். 30 மீற்றருக்கு அப்பால் வித்தியாசம் சுருங்கிப் பயனற்றுவிடும். ஆனால் கை மாற்றாமல், கண் எடுக்காமல் தூரம் தெரிகிறது. சுடுமுன் லேசரை அணைத்துவிட்டுக் குறுக்கிழையை நம்புகிறேன்.

சுடுவது எப்போதும் கீழ்நோக்கி, பின்னால் மண் அணை இருக்கும் திசையில் மட்டும். தென்னை வட்டில் எலி இருந்தாலும் விட்டுவிடுவேன். மேல்நோக்கிப் போன சன்னம் இருநூறு, முந்நூறு மீற்றர் தாண்டி எந்த வீட்டு முற்றத்தில் விழுமோ.

இவை எல்லாவற்றையும் விட மலிவான உதவி ஒன்று உண்டு. அளவு நாடாவை இழுத்து, நான் இருக்கும் திண்ணையிலிருந்து 10, 15, 20, 25 மீற்றரில் வேலிக் கதியால்களுக்குச் சுண்ணாம்பு வளையம் அடித்தேன். 10 இல் ஒரு வளையம், 25 இல் நான்கு. நிலவு வெளிச்சத்திலும் தெரியும், பற்றரி வேண்டாம். ஒரே குறை, அவை கிளுவைக் கதியால்கள். மாரி பிறந்தால் தளிர்த்து வளையத்தை மூடிவிடும். கார்த்திகையில் கத்தியோடு போய்த் தழையை வெட்டி ஆட்டுக்குப் போட்டுவிட்டு, மழை விட்ட நாளாகப் பார்த்து மறுபடி சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருக்கிறது.