ஸ்டேஜ் 2 ஆக்டேவியா ஆர்எஸ் விற்பனை: செயலியா, நேரடி விளம்பரமா, பார்க் அண்ட் சேலா?

மாடிஃபை செய்த காரை விற்கப் போகிறவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஆள் அனுப்பி, பார்த்து, அன்றைக்கே விலை சொல்லும் செயலி நிறுவனங்கள் ஸ்டாக் காருக்கு, அதாவது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்கு வசதி, நம்ம மாதிரி காருக்கு ஆகாது. நீங்களே விளம்பரம் போட்டு விற்றால் விலை கிடைக்கலாம், ஆனால் தொல்லை தாங்காது. கோவையில் பெர்ஃபார்மன்ஸ் கார்களை எடுத்து நிறுத்தி விற்றுத் தருகிற ஒரு சின்ன பார்க் அண்ட் சேல் கடை மூலமாகத்தான் என் கார் போனது, கமிஷன் கொடுத்த பிறகும் மூன்றில் அதுதான் எனக்கு அதிகம் நின்றது.

கார் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230, 2017 மாடல், முதல் ஓனர். வந்தபோது ஷோரூம் விலை 24.62 லட்சம். 2 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின், 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்). இந்த வண்டிக்கு இன்னும் தேடி வருகிற ஆள் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020இல் வந்த ஆர்எஸ் 245 மொத்தம் 200 கார்தான், விலை 35.99 லட்சம். 2025 அக்டோபரில் வந்ததோ 100 கார், 49.99 லட்சம். குடும்பத்தோடு ஊருக்குப் போகிற டிக்கியும் வேண்டும், மிதித்தால் சீட்டோடு ஒட்ட வேண்டும் என்கிறவருக்குப் பழைய 230தான் கைக்கு எட்டுகிற விலை. என் காரில் ஸ்டேஜ் 2 ரீமேப் (பாகங்களையும் மாற்றி, அதற்கேற்ப இன்ஜின் மென்பொருளையும் மாற்றி சக்தியைக் கூட்டுவது, இதைத்தான் ட்யூன் என்கிறோம்), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), இன்டேக் (காற்று உள்ளே போகும் வழி), பெரிய இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது), ஐபாக் ஸ்பிரிங், டிஎஸ்ஜி ட்யூன், வெளி அலாய் எல்லாம் இருந்தது. சக்தியை அளக்கும் டைனோ இயந்திரம் தந்த சீட்டில் 300 குதிரைக்கு மேல். பாகமும் கூலியுமாக நான்கு லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

முதலில் கூப்பிட்டது ஒரு செயலி நிறுவனத்தை. பெயர் வேண்டாம். வந்த பையன் மரியாதையானவர், பெயின்ட் அளக்கும் கருவியை பேனல் பேனலாக வைத்துப் பார்த்தார், ஸ்கேனர் போட்டார், டயர் தேய்மானம் வரைக்கும் குறித்துக்கொண்டார். பிரச்சினை அவரிடம் இல்லை, அவர் கையில் இருந்த படிவத்தில். அதில் வெளியிலிருந்து போட்ட பாகம் எது இருந்தாலும் குறை என்ற கணக்கில்தான் போகிறது. ஒடிந்த பம்பரும் ஒரு லட்சம் ரூபாய் இன்டர்கூலரும் ஒரே பட்டியலில்! அப்புறம் அந்த அறிக்கையைப் பார்த்து ஏலம் கேட்பவர்கள் ஊர் ஊராக இருக்கும் டீலர்கள், அவர்கள் யாரும் காரை நேரில் பார்ப்பதில்லை, வாங்கி அடுத்த வாரமே ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு விற்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நினைப்பு. டவுன்பைப் என்று பார்த்ததும் இன்ஜினை அடித்துத் துவைத்திருப்பான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடைசியாக வந்த விலை 14.5 லட்சம். அது ஸ்டாக் காருக்கே குறைந்த விலை, அதிலும் மறுநாள் போன் செய்து இன்னும் முப்பதாயிரம் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். அவசரமாகப் பணம் வேண்டுமென்றால், கார் ஒரிஜினலாக இருந்தால், போங்கள். பத்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த நான்கும் ஆர்சி மாற்றும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வதற்காக.

நேரடி விளம்பரம் வேறு வகை. போன் நிறைய வந்தது. பாதிப் பேர் கல்லூரிப் பையன்கள், வாங்க வரவில்லை, ஒரு ரவுண்டு போக வந்தார்கள். அவர்கள் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனாலும் 300 குதிரை கொண்ட முன்சக்கர இழுவைக் காரை அவிநாசி சாலையில் அறிமுகம் இல்லாதவர் கையில் கொடுக்க மாட்டேன், யாரும் கொடுக்கவும் கூடாது. முதல் ஓட்டம் ஓனர் கையில், டோக்கன் கொடுத்த பிறகுதான் அவர் கையில், இதை விளம்பரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. உண்மையான ஆட்களும் வந்தார்கள், அதில் கேரளத்து நண்பர்கள் அதிகம், வண்டியைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். அங்கே என்ன சிக்கல் என்றால் படிவம் 28இல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், அந்த மாநிலத்துக்கு வரி தனியாகக் கட்ட வேண்டும், அங்கே பதிவுக்குக் காட்டும்போது கார் ஒரிஜினலாக இருக்க வேண்டும். இத்தனையும் கணக்குப் போட்டுவிட்டு அவர் கேட்கிற விலை எங்கேயோ இறங்கிவிடுகிறது. இன்னொன்று, லோன் போட்டு வாங்க வருபவர்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வெளி பாகம் எதற்கும் ஒரு ரூபாய் கூட ஏற்ற மாட்டார், மாடிஃபை என்று எழுதிவிட்டால் லோனே இழுபறிதான். ஆகவே முழுப் பணம் கையில் வைத்திருப்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர், அது சின்ன வட்டம்.

இனி அந்த பார்க் அண்ட் சேல் கடைக்கு வருகிறேன், மனசார எழுத வேண்டியது இதைப் பற்றித்தான். கோவை மோட்டார் பந்தயம் தெரிந்த ஊர், செட்டிபாளையம் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர், அதனால் இப்படி ஒரு கடை இங்கே ஓடுகிறது. உரிமையாளர் அண்ணன் காரைச் சுற்றிவிட்டு முதலில் கேட்டது பில், சர்வீஸ் புத்தகம், ஒரிஜினல் பாகங்கள் எங்கே என்று. எல்லாம் மாடியில் பெட்டியில் இருக்கிறது என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி, எல்லாத்தையும் கழட்டுங்க, ஸ்டாக் ஃபைல் (கம்பெனி மென்பொருள்) ஏத்துங்க, காரைத் தனியா வித்துத் தரேன், பாகத்தை நீங்க தனியா வித்துக்குங்க" என்றார்.

இது பேராசைக்காகச் சொன்ன வழி இல்லை, சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து மாற்றத்தோடு காரை ஒருவர் கையில் கொடுப்பது அந்தத் தலைவலியையும் சேர்த்துக் கொடுப்பதுதான். வாங்குபவரின் இன்ஷூரன்ஸும் ஆட்டம் காணும், பாலிசியில் சொல்லாத மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

பாகங்களைத் தனியாக விற்றதில்தான் எனக்குப் பெரிய திருப்தி. ஆக்டேவியா, சூப்பர்ப், ஆடி ஏ3 எல்லாம் எம்க்யூபி என்ற ஒரே அடித்தளத்தில் வந்த வண்டிகள், ஆகவே இன்டர்கூலர் மாதிரி பொருளுக்கு ஆர்எஸ் ஓனர் மட்டும்தான் வேண்டும் என்றில்லை. இன்டர்கூலரும் ஸ்பிரிங்கும் போட்ட வேகத்தில் போய்விட்டன. அலாய் மட்டும் நாளானது. போட்ட பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே திரும்பி வந்தது. காரோடு சேர்த்து விற்றிருந்தால் இதில் ஒரு பைசா வந்திருக்காது என்பது செயலிக்காரர்கள் சொன்ன விலையிலேயே தெரிந்துவிட்டது. ட்யூன் ஃபைல் அப்படி இல்லை, அது அந்த காரின் ஈசியூ என்ற இன்ஜின் கணினியோடு கட்டப்பட்டது, அதில் போன பணம் போனதுதான்.

ஸ்டாக்குக்குத் திரும்பிய பிறகும் ட்யூன் போட்டிருந்ததை மறைக்கச் சொல்லவில்லை அந்தக் கடையில், இது எனக்கு மிகவும் பிடித்தது. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் கம்பெனி கணினியில் ட்யூன் பிடிபட்டால் டிடி1 என்று ஒரு குறி விழும், ஸ்டாக் ஃபைல் ஏற்றினாலும் அது போகாது. தெரிந்தவர் ஷோரூமில் கேட்டால் ஒரு நிமிஷத்தில் வெளிவந்துவிடும். ஆகவே விளம்பரத்திலேயே "ஸ்டேஜ் 2இல் ஓடியது, இப்போது ஸ்டாக்" என்று போட்டார்கள், டைனோ சீட்டு, ஆயில் மாற்றிய தேதிகள், டிஎஸ்ஜி ஆயில் 60,000 கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிய பில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் கோர்த்து வைத்தார்கள். வாங்க வந்த திருச்சிக்காரர் முதலில் கேட்டது வேகத்தைப் பற்றி இல்லை, வாட்டர் பம்ப் மாற்றினீர்களா என்றுதான். இந்த இன்ஜினில் பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் ஹவுசிங் கசிவது எல்லாருக்கும் தெரிந்த வியாதி. மாற்றிய பில்லை எடுத்து நீட்டினேன், அதற்குப் பிறகு பேரம் ரொம்ப நேரம் ஓடவில்லை. மடிக்கணினியில் விசிடிஎஸ் என்ற ஸ்கேன் மென்பொருள் போட்டு மிஸ்ஃபயர் கணக்கு, கிளட்ச் அடாப்டேஷன் எண்கள் வரை பார்த்தார், அப்படிப் பார்த்து வாங்குகிறவரிடம் காரைக் கொடுப்பதில் மனசுக்கு நிம்மதி. 17.75 லட்சத்துக்கு முடிந்தது, கடைக்கு 2 சதவீதம் கமிஷன்.

குறை இல்லாமல் இல்லை. கடையில் கூரை பாதி இடத்துக்குத்தான், மற்ற கார்கள் வெயிலில் நிற்கின்றன, கறுப்புக் கார் வைத்திருப்பவர்கள் கூரைக்கு அடியில் இடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது இன்ஜினை ஓட விடச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. வந்து பார்த்தவர்கள் யார், என்ன விலை கேட்டார்கள் என்று அவர்களாகச் சொல்வதில்லை, நாமேதான் போன் போட்டுக் கேட்க வேண்டும். ஓடோமீட்டர் படம், டெஸ்ட் டிரைவுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு ஒப்பந்தம், இரண்டையும் கேட்டேன், கொடுத்தார்கள். பத்துக்கு எட்டு.

பேப்பர் வேலையில் யாரையும் நம்பி விட்டுவிடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. ஆர்சியில் உங்கள் பெயர் இருக்கும்வரை விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, இந்த மாதிரி வேகமான காருக்கு அது சின்ன விஷயம் இல்லை. 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல் போய்விட வேண்டும், பரிவாகன் தளத்தில் புதிய பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டாவது சாவியைக் கொடுத்தேன். ஃபாஸ்டேகை மூடிவிடுங்கள். அப்புறம் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுடையது, காரோடு போகக் கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டால் கடிதம் தருவார்கள், மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம், 50 சதவீதம் வரை சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல தொகை.